லேப்டாப்பை மூடி வைத்தாலும் பேட்டரி குறைவது ஏன்? ஸ்லீப், ஹைபர்நேட், எஸ்எஸ்டி: முழு விளக்கம்

வெள்ளிக்கிழமை மாலை 7 மணி. 80 சதவீதம் சார்ஜ் இருக்கும்போது லேப்டாப்பை மூடி பையில் வைக்கிறீர்கள். திங்கள்கிழமை காலை 9 மணி மீட்டிங்குக்குத் திறந்தால் திரையில் ஒன்றுமே வரவில்லை. சார்ஜ் மொத்தமும் காலி. "மூடித்தானே வச்சேன், யார் எடுத்தது?" என்றுதான் முதலில் தோன்றும்.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்க்கலாம். சாதாரண லேப்டாப் பேட்டரி சுமார் 50 வாட்-மணி கொள்ளளவு உடையது. அதில் 80 சதவீதம் என்றால் 40 வாட்-மணி. வெள்ளி மாலை 7 மணியிலிருந்து திங்கள் காலை 9 மணி வரை 62 மணி நேரம். அந்த 40 வாட்-மணியைக் காலி செய்ய லேப்டாப் சராசரியாக 0.65 வாட் எடுத்தாலே போதும். வீட்டில் எரியும் சின்ன எல்இடி நைட் லேம்ப் எடுக்கும் அளவுதான் இது.

அந்தக் காலத்தில் 'ஜீரோ வாட் பல்பு' என்று ஒன்று இருந்தது. பெயர்தான் ஜீரோ, மின்சாரம் எடுக்கத்தான் செய்யும். மூடி வைத்த லேப்டாப்பும் அப்படித்தான். அது தூங்குவதாக நாம் நினைக்கிறோம். எவ்வளவு ஆழமாகத் தூங்குகிறது என்பது வேறு கேள்வி. அதற்கான பதிலில், உங்கள் ஃபைல்களைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டி-க்குப் பெரிய பங்கு உண்டு.

மூடியை மூடினால் உள்ளே என்ன நடக்கிறது?

கணினி எப்படித் தூங்க வேண்டும் என்பதற்கு ஒரு பொது விதிமுறை இருக்கிறது. இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து 1996-ல் கொண்டுவந்த 'ஏசிபிஐ' என்ற தரநிலை அது. கணினியின் நிலைகளை எஸ்0 முதல் எஸ்5 வரை அது பிரிக்கிறது. நமக்கு முக்கியமானவை நான்கு.

எஸ்0: கணினி விழித்திருந்து வேலை செய்யும் நிலை.

எஸ்3: பழைய, வழக்கமான 'ஸ்லீப்'. பிராசஸர், ஸ்டோரேஜ் எல்லாம் அணைக்கப்படும். ரேம் மட்டும் உயிரோடு இருக்கும். திறந்து வைத்திருந்த ஃபைல், பிரவுசர் டேப் எல்லாம் ரேமில்தான் இருக்கின்றன. ரேம் ஓட்டைப் பானை மாதிரி. அதில் உள்ள மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும், பொதுவாக 64 மில்லி விநாடிக்குள் ஒருமுறை மறுபடி நிரப்ப வேண்டும். அதனால் ஸ்லீப்பில் மின்சாரம் ஜீரோவாக ஆகவே முடியாது.

எஸ்4: இதுதான் 'ஹைபர்நேட்'. ரேமில் இருப்பதை எஸ்எஸ்டி-யில் ஒரு ஃபைலாக எழுதிவிட்டு, கணினி கிட்டத்தட்ட முழுதாக அணைந்துவிடும். ரேமுக்கும் மின்சாரம் போகாது, எஸ்எஸ்டி-க்கும் போகாது. திரும்ப ஆன் செய்தால் அந்த ஃபைலைப் படித்து, விட்ட இடத்திலிருந்தே தொடங்கும்.

எஸ்5: ஷட் டவுன்.

இதில் ஒரு திருப்பம் இருக்கிறது. கடந்த சில வருடங்களில் வந்த பெரும்பாலான விண்டோஸ் லேப்டாப்களில் எஸ்3 ஸ்லீப்பே கிடையாது. அதற்குப் பதிலாக 'மாடர்ன் ஸ்டாண்ட்பை' என்ற முறை வந்துவிட்டது. 2012-ல் விண்டோஸ் 8-உடன் 'கனெக்டட் ஸ்டாண்ட்பை' என்று தொடங்கி, விண்டோஸ் 10-ல் இந்தப் பெயருக்கு மாறியது.

மொபைல் போன் மாதிரி லேப்டாப்பும் தொட்டவுடன் எழ வேண்டும், மூடியிருக்கும்போதும் மெயில் வர வேண்டும் என்பதுதான் இதன் நோக்கம். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மாடர்ன் ஸ்டாண்ட்பை தொழில்நுட்ப ரீதியாக எஸ்0 நிலைதான். அதாவது கணினி 'விழித்தபடியே படுத்திருக்கிறது'. திரை அணைந்திருக்கும், ஆனால் பிராசஸரும் ஸ்டோரேஜும் தாங்களாகவே ஆழ்ந்த உறக்கத்துக்குப் போக வேண்டும். போகவில்லை என்றால் பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும்.

இதில் எஸ்எஸ்டி-க்கு என்ன வேலை?

எஸ்எஸ்டி-யில் சுழலும் தட்டு இல்லை, மோட்டார் இல்லை. 'அப்புறம் எதுக்கு மின்சாரம்?' என்று கேட்கலாம்.

எஸ்எஸ்டி என்பது அதற்குள்ளேயே ஒரு குட்டிக் கணினி. தரவு உட்காரும் ஃபிளாஷ் சிப்கள், அவற்றை நிர்வகிக்கும் கண்ட்ரோலர் என்ற பிராசஸர், பல மாடல்களில் தனியாக ஒரு ரேம் சிப், மதர்போர்டுடன் பேசும் அதிவேக இணைப்புச் சுற்று எல்லாம் அதில் இருக்கின்றன. மின்சாரம் போனாலும் ஃபிளாஷ் சிப்பில் உள்ள தரவு போகாது. ஆனால் கண்ட்ரோலர், ரேம், இணைப்புச் சுற்று ஆகிய மூன்றுக்கும் மின்சாரம் வேண்டும்.

இப்போது புதிய லேப்டாப்களில் வருவது பெரும்பாலும் 'என்விஎம்இ' வகை எஸ்எஸ்டி. வேகமாக எழுதும்போது இது 5 வாட் அல்லது அதற்கு மேலும் எடுக்கும். அதே எஸ்எஸ்டி ஆழ்ந்த உறக்கத்தில் சுமார் 5 மில்லிவாட் எடுத்தால் போதும். வித்தியாசம் ஆயிரம் மடங்கு.

நடுவில் படிப்படியாகப் பல நிலைகள் இருக்கின்றன. என்விஎம்இ விதிமுறைப்படி ஒரு எஸ்எஸ்டி அதிகபட்சம் 32 மின்நிலைகளை வைத்துக்கொள்ளலாம். நடைமுறையில் ஐந்து நிலைகளைப் பரவலாகப் பார்க்கலாம். முதல் மூன்று வேலை செய்யும் நிலைகள், கடைசி இரண்டு உறக்க நிலைகள். ஒவ்வொரு நிலையிலும் எவ்வளவு மின்சாரம் எடுப்பேன், அதற்குள் போக எவ்வளவு நேரம் ஆகும், வெளியே வர எவ்வளவு நேரம் ஆகும் என்ற விவரங்களை எஸ்எஸ்டி-யே கணினியிடம் சொல்லிவிடும்.

2012-ல் வந்த என்விஎம்இ 1.1 பதிப்பில் இன்னொரு வசதி சேர்ந்தது. 'இவ்வளவு நேரம் உன்னை யாரும் கூப்பிடலைன்னா, நீயே தூங்கிக்கோ' என்று கணினி முன்கூட்டியே எஸ்எஸ்டி-யிடம் சொல்லி வைக்கலாம். அதன்பின் ஒவ்வொரு முறையும் தனியாகக் கட்டளை கொடுக்க வேண்டியதில்லை.

சற்றுப் பழைய 'சாட்டா' வகை எஸ்எஸ்டி-களிலும் இதே யோசனை உண்டு. அவற்றின் இணைப்புக்கு 'பார்ஷியல்', 'ஸ்லம்பர்' என்று இரண்டு ஓய்வு நிலைகள் இருந்தன. இரண்டிலுமே இணைப்புச் சுற்றுக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். 2013-ல் வந்த சாட்டா 3.2 பதிப்பில் 'டிவைஸ் ஸ்லீப்' என்ற மூன்றாவது நிலை வந்தது. இதில் இணைப்புச் சுற்றையே முழுதாக அணைத்துவிடலாம். எழுப்புவதற்குத் தனியாக ஒரு சமிக்ஞைக் கம்பி. அழைப்பு மணியின் ஒயரை மட்டும் விட்டுவிட்டு வீட்டின் மெயின் சுவிட்சை அணைப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போதும் ஆழ்ந்த தூக்கத்திலேயே வைத்தால் என்ன?

நல்ல கேள்வி. தூங்கப் போவதற்கும் எழுவதற்கும் ஒரு செலவு இருக்கிறது என்பதுதான் சிக்கல்.

எஸ்எஸ்டி-யின் கண்ட்ரோலர் ஒரு பெரிய 'முகவரிப் பட்டியல்' வைத்திருக்கும். நீங்கள் சேமித்த ஒவ்வொரு துண்டுத் தரவும் எந்த ஃபிளாஷ் சிப்பில், எந்த இடத்தில் இருக்கிறது என்ற பட்டியல் அது. பொதுவாக ஒவ்வொரு 4 கேபி தரவுக்கும் 4 பைட் குறிப்பு தேவை. அப்படியென்றால் 1 டிபி எஸ்எஸ்டி-க்குப் பட்டியலே சுமார் 1 ஜிபி வரும். வேகத்துக்காக இதை எஸ்எஸ்டி தன் சொந்த ரேமில் வைத்துக்கொள்கிறது.

ஆழ்ந்து தூங்க வேண்டுமென்றால் அந்த ரேமையும் அணைக்க வேண்டும். அணைப்பதற்கு முன் பட்டியலில் மாறிய பகுதிகளை ஃபிளாஷ் சிப்பில் எழுத வேண்டும். எழுந்ததும் தேவையானதைத் திரும்பப் படிக்க வேண்டும். கணினி ஹைபர்நேட் ஆகும்போது செய்யும் அதே வேலையை எஸ்எஸ்டி தனக்குள் சின்ன அளவில் செய்கிறது.

இதற்கு நேரமும் ஆகும், மின்சாரமும் செலவாகும். மேலோட்டமான உறக்கத்திலிருந்து எழ ஒரு மில்லி விநாடி அளவு ஆகிறது என்றால், ஆழ்ந்த நிலையிலிருந்து எழ அதைவிடப் பல மடங்கு ஆகலாம். சாட்டா 'டிவைஸ் ஸ்லீப்' நிலையிலிருந்து மீள சுமார் 20 மில்லி விநாடி. நமக்கு அது கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. ஆனால் ஒவ்வொரு சின்ன வேலைக்கும் அதை எழுப்பினால், தூங்கிச் சேமித்ததைவிட எழுந்து எழுந்து செலவழித்தது அதிகமாகிவிடும்.

சிக்னலில் பைக் இன்ஜினை ஆஃப் பண்ணுவது மாதிரிதான் இது. 60 விநாடி சிக்னல் என்றால் லாபம். 3 விநாடி என்றால் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவதே வீண் வேலை.

ஒருவர் முழித்திருந்தால் வீடே முழித்திருக்கும்

இந்த விஷயத்தில் அதிகம் பேசப்படாத, ஆனால் மிக முக்கியமான பகுதி இதுதான்.

மாடர்ன் ஸ்டாண்ட்பையில் பிராசஸர் தன்னிச்சையாக ஆழ்ந்த உறக்கத்துக்குப் போக முடியாது. அதோடு இணைந்த சாதனங்களும், அவற்றுக்கான இணைப்புகளும் ஓய்வு நிலைக்குப் போயிருக்க வேண்டும். அதில் எஸ்எஸ்டி-யும் ஒன்று. எஸ்எஸ்டி தூங்கவில்லை என்றால் அது எடுக்கும் அரை வாட், ஒரு வாட் மட்டும் நஷ்டம் இல்லை. அதற்காக பிராசஸரின் பல பகுதிகளும் விழித்திருக்க வேண்டியிருக்கும். மொத்தச் செலவு சில வாட்கள் வரை போய்விடும்.

மூடிய லேப்டாப் 3 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 40 வாட்-மணி சார்ஜ் 13 மணி நேரத்தில் காலி. பைக்குள் காற்றோட்டம் இல்லாததால் சூடும் ஏறும். பையிலிருந்து எடுக்கும்போது 'என்ன இப்படிக் கொதிக்குது?' என்று நீங்கள் எப்போதாவது நினைத்திருந்தால், காரணம் இந்த மாதிரி அரைகுறைத் தூக்கமாக இருக்கலாம். தொடர்ந்து சூட்டில் இருப்பது பேட்டரியின் ஆயுளையும் குறைக்கும்.

சரி, எஸ்எஸ்டி-யைத் தூங்க விடாமல் தடுப்பது எது?

முதலாவது, பின்னணி வேலைகள். கிளவுட் சிங்க், ஆன்டிவைரஸ் ஸ்கேன், அப்டேட், லாக் எழுதும் செயலிகள் என்று யாராவது அடிக்கடி கதவைத் தட்டிக்கொண்டே இருப்பது. அலுவலக லேப்டாப்களில் கண்காணிப்பு, பாதுகாப்பு மென்பொருள்கள் கூடுதலாக இருக்கும் என்பதால் இந்தத் தொல்லை அதிகம்.

இரண்டாவது, டிரைவரும் ஃபர்ம்வேரும். எஸ்எஸ்டி தூங்கத் தயார், ஆனால் மதர்போர்டுடன் உள்ள இணைப்பின் மின்சேமிப்பு பயாஸில் அணைக்கப்பட்டிருக்கும். அல்லது டிரைவர் பழையதாக இருக்கும்.

மூன்றாவது, எஸ்எஸ்டி-யே. சில மாடல்கள் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போனால் ஒழுங்காக எழுந்திருக்காது. 2017-ல் லினக்ஸ் கெர்னல் 4.11, என்விஎம்இ-யின் தானியங்கி உறக்க வசதியை ஆதரிக்கத் தொடங்கியபோது இது வெளிச்சத்துக்கு வந்தது. சில எஸ்எஸ்டி, சில லேப்டாப் சேர்க்கைகளில் டிரைவ் பதில் சொல்லாமல் உறைந்தது. அதனால் அந்தச் சேர்க்கைகளுக்கு மட்டும் ஆழ்ந்த நிலையைத் தடை செய்யும் பட்டியலைக் கெர்னலிலேயே சேர்த்தார்கள். நீங்களாக வேறு எஸ்எஸ்டி வாங்கி மாட்டிய பிறகு பேட்டரி சீக்கிரம் தீர்கிறது என்றால், சந்தேகப்பட வேண்டிய இடம் இது.

நான்காவது, எஸ்எஸ்டி-யின் வீட்டு வேலை. நீங்கள் பெரிய ஃபைல் ஒன்றை காப்பி செய்து முடித்ததும் எஸ்எஸ்டி உடனே ஓய்வெடுக்காது. பழைய தரவை ஒதுக்கி, இடத்தைச் சுத்தம் செய்யும் வேலையைப் பின்னணியில் செய்யும். இது தேவையான வேலைதான். டிரைவை 90 சதவீதத்துக்கு மேல் நிரப்பி வைத்தால் இந்த வேலை கூடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஸ்லீப்பா, ஹைபர்நேட்டா: எது லாபம்?

ஹைபர்நேட்டில் எஸ்எஸ்டி-க்கு மின்சாரமே போகாது. ஆனால் போகும்போதும் வரும்போதும் அதற்கு நிறைய வேலை. அந்தச் செலவை உத்தேசமாகக் கணக்கிடலாம்.

ஹைபர்நேட் ஆக 15 விநாடி, திரும்ப எழ 30 விநாடி என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் லேப்டாப் மொத்தமாக 20 வாட் எடுக்கிறது. 45 விநாடியை 20 வாட்டால் பெருக்கினால் 900 ஜூல், அதாவது 0.25 வாட்-மணி.

நன்றாக வேலை செய்யும் ஸ்லீப் சுமார் 0.5 வாட் எடுக்கிறது என்றால், அரை மணி நேரத்தில் அதே 0.25 வாட்-மணி செலவாகிவிடும்.

ஆக, இந்தக் கணக்குப்படி அரை மணி நேரத்துக்குள் திரும்பி வருவீர்கள் என்றால் ஸ்லீப் சரி. அதற்கு மேல் போனால் ஹைபர்நேட்தான் மின்சாரத்தில் லாபம். உங்கள் லேப்டாப்பின் எண்கள் மாறலாம், எல்லைக்கோடு பத்து நிமிடமாகவோ ஒரு மணி நேரமாகவோ இருக்கலாம். ஆனால் டீ குடிக்கப் போனால் ஸ்லீப், இரவில் வீட்டுக்குக் கிளம்பினால் ஹைபர்நேட் என்ற முடிவு மாறாது.

வார இறுதிக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 62 மணி நேரத்தில் 0.65 வாட் ஸ்லீப் 40 வாட்-மணியைக் காலி செய்தது. ஹைபர்நேட் என்றால் கால் வாட்-மணியோடு, பேட்டரி தானாக இழக்கும் சொற்ப அளவும் சேர்ந்து போயிருக்கும். அவ்வளவுதான்.

இன்னொரு லாபமும் உண்டு. ஸ்லீப்பில் பேட்டரி முழுதாகத் தீர்ந்து அணைந்துபோனால், ரேமில் இருந்த சேமிக்காத வேலை எல்லாம் போய்விடும். ஹைபர்நேட்டில் அந்தப் பயம் இல்லை, எல்லாம் ஏற்கெனவே எஸ்எஸ்டி-யில் எழுதப்பட்டுவிட்டது.

"தினமும் ஹைபர்நேட் பண்ணா எஸ்எஸ்டி தேஞ்சு போயிடாதா?"

பலரும் ஹைபர்நேட்டைத் தவிர்ப்பதற்குச் சொல்லும் காரணம் இது. எஸ்எஸ்டி-யில் குறிப்பிட்ட அளவுதான் எழுத முடியும் என்பது உண்மை. ஆனால் எண்களைப் பார்த்தால் பயம் போய்விடும்.

விண்டோஸில் ஹைபர்நேட் ஃபைலின் வழக்கமான அளவு, ரேமில் 40 சதவீதம். 16 ஜிபி ரேம் என்றால் சுமார் 6.4 ஜிபி. உள்ளடக்கத்தைச் சுருக்கித்தான் எழுதும் என்பதால் பல நேரங்களில் இதைவிடக் குறைவு. ஒவ்வொரு முறையும் முழு 6.4 ஜிபி-யும் எழுதுகிறது, தினமும் இரண்டு முறை ஹைபர்நேட் செய்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 4.7 டிபி.

500 ஜிபி கொள்ளளவுள்ள நல்ல எஸ்எஸ்டி-கள் சிலவற்றுக்கு 300 டிபி வரை எழுத உத்தரவாதம் தருகிறார்கள். ஹைபர்நேட்டால் மட்டும் அந்த அளவைத் தொட 60 வருடங்களுக்கு மேல் ஆகும். லேப்டாப்பை அதற்குள் பலமுறை மாற்றியிருப்பீர்கள்.

"மின்சாரம் இல்லாமல் வைத்தால் எஸ்எஸ்டி-யில் உள்ள தரவு அழிந்துவிடும்" என்றும் சொல்வார்கள். சாதாரணப் பயனர்களுக்கான எஸ்எஸ்டி, தன் எழுதும் ஆயுள் முழுவதையும் முடித்த பிறகும், 30 டிகிரி வெப்பத்தில் மின்சாரம் இல்லாமல் ஒரு வருடம் தரவைக் காக்க வேண்டும் என்பது 'ஜெடெக்' அமைப்பின் தரநிலை. ஓர் இரவு, ஒரு வாரம், ஒரு மாதம் எல்லாம் பிரச்னையே இல்லை.

ஹார்ட் டிஸ்க்கில் கதை வேறு

பேக்கப்புக்காக எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வைத்திருப்பவர்கள், வீட்டில் ஸ்டோரேஜ் சர்வர் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஹார்ட் டிஸ்க்கில் மின்சாரத்தைத் தின்பது மோட்டார். டெஸ்க்டாப்பில் வரும் 3.5 அங்குல டிஸ்க் சும்மா சுற்றிக்கொண்டிருந்தாலே 4 முதல் 5 வாட் எடுக்கும். சுழற்சியை நிறுத்தினால் ஒரு வாட்டுக்கும் கீழே வந்துவிடும். ஆனால் மறுபடி சுற்ற வைக்கும் அந்தச் சில விநாடிகளில் 20 வாட்டுக்கு மேல் தேவைப்படலாம்.

மின்சாரக் கணக்கை மட்டும் பார்த்தால் ஓரிரு நிமிடம் நிறுத்தினாலே லாபம். ஆனால் இங்கே தேய்மானம் உண்மையான பிரச்னை. படிக்கும் முனையை ஓரமாக நிறுத்தி மறுபடி கொண்டுவருவதை 3 லட்சம் முதல் 6 லட்சம் முறை வரை தாங்கும் வகையில்தான் பல டிஸ்க்குகள் வடிவமைக்கப்படுகின்றன. 30 விநாடிக்கு ஒருமுறை அப்படி நடந்தால், தினம் 8 மணி நேரப் பயன்பாட்டில் 960 முறை. 3 லட்சத்தை ஒரு வருடத்துக்குள் தொட்டுவிடுவீர்கள். அதனால் ஹார்ட் டிஸ்க்கை அணைக்கும் நேரத்தை 10 முதல் 20 நிமிடம் வரை வைப்பதுதான் நடுநிலை.

இதே தத்துவம் பெரிய டேட்டா சென்டர்களிலும் உண்டு. யாரும் அடிக்கடி பார்க்காத பழைய புகைப்படங்களுக்காக ஃபேஸ்புக் அமைத்த 'கோல்ட் ஸ்டோரேஜ்' முறையில், ஒரு தட்டில் உள்ள டிஸ்க்குகளில் ஒரு நேரத்தில் ஒன்றுக்கு மட்டுமே மின்சாரம் கொடுத்தார்கள். மற்றவை அணைந்திருக்கும். சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி 2024-ல் உலக மின்சாரத்தில் சுமார் 1.5 சதவீதத்தை டேட்டா சென்டர்கள் எடுத்தன. அந்த அளவில் பார்க்கும்போது, வேலை இல்லாத டிஸ்க்கைத் தூங்க வைப்பது சின்ன விஷயம் இல்லை.

உங்கள் போன் மட்டும் எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

லேப்டாப்பைவிடப் பல மடங்கு சின்ன பேட்டரி, ஆனால் இரவு முழுக்க சும்மா வைத்தாலும் போனில் சில சதவீதம்தான் குறைகிறது. காரணம், போன்கள் ஆரம்பத்திலிருந்தே இப்படித் தூங்குவதற்காக வடிவமைக்கப்பட்டவை.

இப்போதைய பல ஆண்ட்ராய்டு போன்களில் உள்ள 'யுஎஃப்எஸ்' வகை ஸ்டோரேஜின் இணைப்புக்கு ஒரு ஓய்வு நிலை இருக்கிறது. அதன் பெயரே 'ஹைபர்ன் 8'. 'எட்டு' என்பதை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள், 'ஹைபர்நேட்' என்று வரும். விதிமுறை எழுதிய பொறியாளர்களின் குறும்பு. வேலை இல்லாத குறுகிய இடைவெளிகளில்கூட ஸ்டோரேஜ் இணைப்பு இந்த நிலைக்குப் போய்விட்டு வரும். 2020 ஜனவரியில் வந்த யுஎஃப்எஸ் 3.1 பதிப்பு 'டீப் ஸ்லீப்' என்று இன்னும் ஆழமான ஒரு நிலையைச் சேர்த்தது.

சரி, இப்போ என்ன பண்ணணும்?

விண்டோஸ் லேப்டாப் வைத்திருந்தால் இந்த வரிசையில் பாருங்கள்.

1. முதலில் உங்கள் லேப்டாப்பில் எந்த வகைத் தூக்கம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கமாண்ட் ப்ராம்ப்ட்டில் 'பவர்சிஎஃப்ஜி' என்ற கட்டளையை, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடும் 'ஏ' என்ற ஆங்கில எழுத்தும் சேர்த்துக் கொடுங்கள். எஸ்3 இருக்கிறதா, மாடர்ன் ஸ்டாண்ட்பையா, ஹைபர்நேட் கிடைக்கிறதா என்று பட்டியல் வரும்.

2. கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதிக்குப் போங்கள். மூடியை மூடினால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் இடத்தில், பேட்டரியில் இருக்கும்போது 'ஹைபர்நேட்' என்று மாற்றுங்கள். சார்ஜரில் இருக்கும்போது 'ஸ்லீப்' என்றே இருக்கட்டும். அதே பக்கத்தில் பவர் மெனுவில் ஹைபர்நேட்டைக் காட்டும் டிக் பாக்ஸும் இருக்கும். மேலே உள்ள 'இப்போது மாற்ற முடியாத அமைப்புகளை மாற்று' என்ற பொருள் தரும் லிங்க்கைக் கிளிக் செய்தால்தான் அதை டிக் செய்ய முடியும்.

3. மூடியை மூடியதும் ஹைபர்நேட் வேண்டாம் என்றால், ஸ்லீப்புக்குப் போய் இவ்வளவு நேரம் கழித்து ஹைபர்நேட் என்று வைக்கலாம். 30 முதல் 60 நிமிடம் நல்ல அளவு.

4. மாடர்ன் ஸ்டாண்ட்பை லேப்டாப் என்றால், அட்மின் அனுமதியோடு திறந்த கமாண்ட் ப்ராம்ப்ட்டில் அதே 'பவர்சிஎஃப்ஜி' கட்டளையுடன், சாய்கோடு போட்டு 'ஸ்லீப்ஸ்டடி' என்று சேர்த்துக் கொடுங்கள். கடந்த சில நாட்களில் லேப்டாப் எவ்வளவு நேரம் உண்மையாகத் தூங்கியது, தூங்க விடாமல் செய்தது யார் என்ற அறிக்கை ஒரு வெப் பக்கமாகக் கிடைக்கும். குற்றவாளியைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

5. பயாஸ், ஸ்டோரேஜ் டிரைவர், எஸ்எஸ்டி ஃபர்ம்வேர் மூன்றையும் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து அப்டேட் செய்யுங்கள். ஃபர்ம்வேர் அப்டேட்டுக்கு முன் பேக்கப் கட்டாயம்.

ஆஃபீஸ் லேப்டாப்பில் இந்த அமைப்புகள் பூட்டப்பட்டிருக்கலாம். குறுக்குவழி தேட வேண்டாம். ஸ்லீப்ஸ்டடி அறிக்கையை இணைத்து ஐடி டீமுக்கு ஒரு டிக்கெட் போடுங்கள். 'பேட்டரி நிக்கலை' என்று மட்டும் சொல்வதைவிட, எந்தச் செயலி எழுப்புகிறது என்று காட்டினால் வேலை சீக்கிரம் நடக்கும்.

லினக்ஸில் ஹைபர்நேட் செய்ய ரேமுக்கு ஏற்ற அளவு ஸ்வாப் இடம் வேண்டும். உபுண்டுவில் இது இயல்பாக ஆன் ஆகியிருக்காது. செக்யூர் பூட் ஆன் ஆகியிருந்தால் பல டிஸ்ட்ரோக்களில் ஹைபர்நேட் வேலை செய்யாது. மேக் லேப்டாப்களில் ஹைபர்நேட் என்று தனி மெனு கிடையாது, எப்போது எவ்வளவு ஆழமாகத் தூங்குவது என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும்.

இந்த மூன்றில் மட்டும் ஜாக்கிரதை

ஒன்று, டூயல் பூட். ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்கள், விண்டோஸை ஹைபர்நேட் செய்துவிட்டு லினக்ஸில் போய் விண்டோஸ் டிரைவில் எதையும் எழுதக் கூடாது. டிரைவ் எப்படி இருந்தது என்ற பழைய நினைவோடுதான் விண்டோஸ் எழும். நடுவில் மாற்றினால் ஃபைல்கள் சேதமாகலாம். விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியும் பாதி ஹைபர்நேட்தான். அது ஆன் ஆகியிருந்தால் ஷட் டவுன் செய்த பிறகும் இதே ஆபத்து உண்டு.

இரண்டு, எக்ஸ்டர்னல் டிரைவ். ஹைபர்நேட் செய்வதற்கு முன் முறையாக 'எஜெக்ட்' செய்து கழற்றுங்கள். ஹைபர்நேட் ஆன பிறகு பிடுங்கி, வேறு கணினியில் மாட்டி, எதையாவது மாற்றிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து சொருகுவது தரவைக் கெடுக்கும் வழி.

மூன்று, பாதுகாப்பு. ஹைபர்நேட் ஃபைலில் உங்கள் ரேமின் நகலே இருக்கிறது. திறந்திருந்த ஆவணங்கள், சில பாஸ்வேர்டுகள்கூட அதில் இருக்கலாம். டிரைவ் என்கிரிப்ட் செய்யப்படாமல் இருந்து லேப்டாப் தொலைந்துபோனால், கிடைத்தவர் அதைப் படிக்க வாய்ப்பு உண்டு. விண்டோஸில் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆன் ஆகியிருந்தால் பயணங்களில் ஸ்லீப்பைவிட ஹைபர்நேட்தான் பாதுகாப்பானது. ஸ்லீப்பில் டிரைவைத் திறக்கும் சாவி ரேமிலேயே இருக்கும். ஹைபர்நேட்டில் ரேமே காலியாகிவிடும்.